கோப்பை கலந்த ஈயம்

பித்தளைத் தகடு மேலே மிதந்து வந்த பிறகுதான், தலையில் ஏற்றி வைத்திருந்த கண்ணாடியை இறக்கி மூக்கில் மாட்டினான் லைல் ஓஸ்ட்பெர்க்.

ஷெட்டில் கேஸ் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன்மேல் இரும்புச் சட்டியில், துப்பாக்கிக் குண்டு வார்க்க, நாற்பது பவுண்டு காரீயம் தளதளவென்று உருகிக் கிடந்தது. சர்ச்சில் போட்ட பழைய சாமான் விற்பனையில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய வெள்ளீயச் சாமான்களை அள்ளி வந்திருந்தான்: தட்டு, மெழுகுவர்த்தித் தாங்கி, உப்புக் குப்பி, குவளை. ஒவ்வொன்றாக எடுத்துச் சுத்தியலால் நசுக்கிச் சட்டிக்குள் போட்டுக்கொண்டிருந்தான். வெறும் அடுப்பில் மறந்து வைத்த ஈயச்சொம்பு மாதிரி எல்லாம் ஒரு நொடியில் குழைந்து காரீயத்தோடு கலந்துவிட்டன. பித்தளைத் தகடு மட்டும் கலக்காமல் படகுபோல் மிதந்தது. இடுக்கியால் அதை எடுத்துத் தண்ணீரில் முக்கித் துடைத்தான்.

'டிரை ஃபோர்க் துப்பாக்கி கிளப், ஆண்டு வெற்றியாளர்கள்' என்று பொறித்திருந்தது. பதினான்கு பெயர்கள் இருந்தன. பதினான்காவது பெயர் லைல் ஓஸ்ட்பெர்க்.

அவனுக்கு ஐநூறு மீட்டருக்கு அப்பால் நிற்கிற இரும்புக் கிடாவின் கொம்பு வளைவுகூடத் தெரியும். கையில் இருப்பது என்னவென்று மட்டும் கண்ணாடி போடாமல் தெரியாது.

"மார்வா!" என்று கத்தினான்.

மார்வா துவைத்த துணியோடு வந்து நின்றாள். தகட்டைப் பார்த்தாள், சட்டியைப் பார்த்தாள், கடைசியில் புருஷனைப் பார்த்தாள்.

"கப்பையா உருக்கின?"

"அது எப்படி என் பெட்டிக்குள்ள வந்துச்சு?"

"அலமாரிய ஒழிச்சுத் துடைக்கலாம்னு கொண்டாந்து அதுல வெச்சேன். சுத்தியலால அடிச்சியே, அப்பவாவது தெரிய வேணாமா? இந்தப் பெரிய காது ரெண்டு இருக்குமே அதுக்கு!"

"காது வெச்ச குவளைன்னு நெனச்சேன்."

"குவளைக்கு யாராவது ரெண்டு காது வெப்பாங்களா? உனக்கு இருக்கிற ரெண்டுதான் வேலைக்கு ஆகல." துணிக்கூடையைக் கீழே வைத்தாள். "ஆர்வில்லுக்கு இப்பவே போன் போட்டுச் சொல்லிடு."

ஆர்வில் கிளப்பின் தலைவர். எண்பது வயது. நில அளவை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வருஷா வருஷம் ஜெயிக்கிறவர் வீட்டுக்குப் போகிற அந்தக் கோப்பையைக் கிளப்புக்கு வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

"அவர்கிட்ட துப்பாக்கி இருக்கு மார்வா."

"உன்கிட்டயுந்தான் இருக்கு."

"அவரு என்னைவிட நல்லா சுடுவாரு."

லைல் சட்டிக்குள் எட்டிப் பார்த்தான். உருகியது உருகியதுதான், இனி பிரிக்க முடியாது. ஆனால் கலவையின் நிறம் அருமையாக இருந்தது. கண்ணாடிபோல் பளபளத்தது. அகப்பையில் அள்ளி அச்சில் ஊற்றி, ஆறியதும் தட்டினான். குண்டு ஒரு சுருக்கமும் இல்லாமல், விளிம்பெல்லாம் கூர்மையாக வந்து விழுந்தது. பத்து வருஷமாக வார்க்கிறான், இப்படி ஒரு குண்டு வந்ததே இல்லை.

"அடுத்த கப்புப் போட்டி ஆகஸ்ட்லதான்" என்றான் மெதுவாக. "நானே திரும்ப ஜெயிச்சுட்டா யார்கிட்டயும் குடுக்க வேண்டியதில்ல. அடுத்த வருஷமும் ஜெயிச்சுட்டா..."

"சாகிற வரைக்கும் ஜெயிச்சுக்கிட்டே இருக்கப் போறியா?"

"குண்டப் பாரு மார்வா. பார்த்துட்டுச் சொல்லு."

அவள் பார்க்கவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மாலைக்குள் ஐந்நூற்றுச் சொச்சம் குண்டுகள் வார்த்து முடித்தான் லைல்.

*

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்துக் கிழக்கில் மரமில்லாத புல்மேடுகளுக்கு நடுவில் இருக்கிறது டிரை ஃபோர்க். அங்கே மூன்று நான்கு மாவட்டங்களுக்கு வீடு வீடாகப் போய்ச் சமையல் கேஸ் நிரப்புகிற லாரி லைலுடையது. ஞாயிற்றுக்கிழமை என்றால் கிளப். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய பாணித் துப்பாக்கியும், கருமருந்து என்கிற பழங்கால வெடிமருந்தும், சொந்தக் கையால் வார்த்த குண்டும் மட்டுமே அங்கே செல்லும். இருநூறு மீட்டரில் கோழி, முந்நூறில் பன்றி, முந்நூற்று எண்பத்தைந்தில் வான்கோழி, ஐநூறில் செம்மறிக்கிடா. எல்லாம் இரும்புத் தகட்டில் வெட்டிய உருவங்கள். குண்டு பட்டால் போதாது, உருவம் சாய வேண்டும்.

அந்த ஆட்டத்தில் குண்டின் உலோகம்தான் பாதி வித்தை. வெள்ளீயம் குறைந்து குண்டு மெத்தென்று இருந்தால், மருந்து உதைக்கிற உதையில் குண்டின் மூக்கு கோணிவிடும். கூடிப்போய்க் கெட்டியானால் துப்பாக்கிக் குழலுக்குள் வெட்டிய சுருள் வரிகளைக் கவ்விப் பிடிக்காது. எத்தனைக்கு எத்தனை என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு உண்டு. பெண்டாட்டியிடம்கூடச் சொல்ல மாட்டார்கள்.

மே மாதம் முதல் லைலின் குண்டுகள் தவறுவதை ஏறக்குறைய மறந்துவிட்டன. கிடாக்கள் பட்டதும் தொப்பென்று முதுகடித்து விழுந்தன. அதை முதலில் கவனித்தவள் ரோவீனா பிக்கெட்.

பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவள் ரோவீனா. பின் சீட்டில் எவன் மிட்டாய்த் தாளை எறிந்தான் என்பதைக் கண்ணாடியில் பார்க்காமலே சொல்லிவிடுவாள். எட்டு வருஷமாக அவளும் லைலும் ஜோடி. ஒருவர் சுடும்போது மற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து, தொலைநோக்கியில் பார்த்துக் காற்று எந்தப் பக்கமிருந்து எவ்வளவு அடிக்கிறதென்று சொல்ல வேண்டும். ஜோடிதான், ஆனால் கோப்பைக்குப் போட்டியும் அவர்கள் இருவருக்குள்தான். போன வருஷம் ஒரே ஒரு வான்கோழியில் அவளுக்குக் கோப்பை கை நழுவியது.

"யோவ் லைல், குண்டுல என்னய்யா கலந்த?"

"ஜெபம்."

"மருந்து மாத்தினியா?"

"அதே அறுபத்தெட்டு கிரெய்ன் எடைதான். அதே குழாய் வழியாத்தான் ஊத்துறேன், அதே அட்டைதான் வெச்சு அமுக்கறேன்."

"அப்ப ஈயத்துலதான் ஏதோ இருக்கு. எங்கேர்ந்து வாங்கின வெள்ளீயம்?"

"வீட்ல கெடந்தது" என்றான் லைல். அந்த மட்டும் அவன் பொய் சொல்லவில்லை.

ஒரு முறை சுட்ட பிறகு, அடுத்த முறைக்கு முன், குழலுக்குள் வாயால் நாலு மூச்சு ஊத வேண்டும். கருமருந்துக் கரி காயாமல் இருக்க அதுதான் வழி. ஜூன் மாதம் ஒருநாள் லைல் கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருந்தபோது, அவன் பெட்டியிலிருந்து மூன்று குண்டுகள் ரோவீனாவின் சட்டைப்பைக்குள் போயின. அடுத்த வாரம் வந்தவள் கூச்சமே இல்லாமல் சொன்னாள்:

"நகத்தால கீறிப் பார்த்தேன். தராசுல நிறுத்தேன். கெட்டித்தனம் அளக்குற கருவி வெச்சு அழுத்திப் பார்த்தேன். என் குண்டவிட ரெண்டு பங்கு கெட்டி. ஆனா பிடிக்க வேண்டிய இடத்துல பிடிக்குது. எப்படின்னு தெரியாம ராத்தூக்கம் போச்சு."

"திருடினியா?"

"கடன் வாங்கினேன். சுட்டு முடிச்சதும் மேட்டுல கெடக்கும், பொறுக்கிக்கோ."

லைல் சிரித்துக்கொண்டே குண்டுப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அவள் சட்டைப்பையில் கோப்பையின் காது ஒன்று இருந்திருக்கலாம்.

*

ஆகஸ்ட் ஞாயிறு. காலை ஒன்பது மணிக்கே புல்மேட்டின்மேல் வெயில் துடித்தது.

கோப்பைக்கென்று வெல்வெட் தைத்த மரப்பெட்டி ஒன்று உண்டு. லைல் அதைப் பூட்டிக் கையில் கொண்டுவந்து பரிசு மேஜையில் வைத்தான். பெட்டி காலியாக ஆடக்கூடாது என்று ஓர் ஈயக்கட்டியை மார்வாவின் சமையல் துண்டில் சுற்றி உள்ளே வைத்திருந்தான்.

ஆர்வில் பெட்டியைத் தடவிப் பார்த்தார். "ஏம்பா, எடுத்து வெளிய வையேன். எல்லாரும் பார்க்கட்டும்."

"வேணாங்க. இப்பத்தான் மெருகு போட்டிருக்கேன். மருந்துப் புகை பட்டா மங்கிடும்."

"பொறுப்பான பய" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார் ஆர்வில். லைல் தொப்பியை இறக்கி முகத்தை மறைத்துக்கொண்டான்.

கோழி, பன்றி, வான்கோழி, கிடா என்று நாற்பது உருவங்களும் முடிந்தபோது மூன்று மணி. லைல் முப்பத்தொன்று. ரோவீனாவும் முப்பத்தொன்று. மற்ற யாரும் இருபத்தாறைத் தாண்டவில்லை.

ஆர்வில் மைக்கைப் பிடித்தார். "ஆளுக்கு அஞ்சு கிடா. அதிலும் சமம்னா கோப்பை பழைய ஆள்கிட்டயே இருக்கும். அதான் நம்ம விதி."

லைல் முதலில் சுட்டான். நான்கு விழுந்தன. மூன்றாவது கிடாவின் முதுகுக்கு ஒரு சாண் மேலே மண் கிளம்பியது. ரோவீனா உதட்டைப் பிதுக்கினாள். "ஜெபம் கொஞ்சம் கம்மியாயிடுச்சு போல."

அடுத்து அவள் பெருக்கல் குறிபோல் நட்ட கம்புகளில் துப்பாக்கியைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். லைல் தொலைநோக்கிக்குக் குனிந்தான்.

"காத்து?"

"இடது. நாலு கோடு."

துப்பாக்கியின் பார்வைத் தகட்டுத் திருகை அவள் நாலு கோடு திருப்பினாள். டமார் என்றது. வெள்ளைப் புகை எழுந்தது. மூன்று நொடி கழித்து இரும்பு மணியடித்தது, கிடா சாய்ந்தது. இரண்டாவதும் அப்படியே, மூன்றாவதும் அப்படியே. நான்காவது யோசித்து யோசித்து விழுந்தது.

ஒன்று பாக்கி. விழுந்தால் அவள் ஐந்து. தப்பினால் நாலுக்கு நாலு சமம். கோப்பை லைலிடமே இருக்கும். பெட்டியை யாரும் திறக்க மாட்டார்கள்.

அவள் ஊதினாள், தோட்டாவைச் செருகினாள், கன்னத்தைக் கட்டையில் பதித்தாள். பின்னாலிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். தொலைநோக்கியில் கானல் இடமிருந்து வலமாக ஓடை மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய நாலு கோடு சரிதான்.

அப்போது கானல் நின்றது. ஓடிக்கொண்டிருந்தது அப்படியே நின்று, கொதிக்கும் தண்ணீர்போல் நேராக மேலே எழும்பியது. காற்று செத்துவிட்டது. நாலு கோட்டோடு சுட்டால் குண்டு கிடாவின் மூக்குக்கு முன்னால் ஒரு முழம் தள்ளிப் போகும்.

அவளுக்கு அது தெரியாது. தொலைநோக்கி இவனிடம். அவள் விரல் விசையில்.

பொய் சொல்ல வேண்டியதுகூட இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். "தப்பா போச்சே, சட்டுனு மாறிடுச்சு" என்று பிறகு உச்சுக் கொட்டலாம். யாரும் கேட்கப் போவதில்லை. காற்று எல்லாரையும்தான் ஏமாற்றுகிறது. அந்த ஒரு நொடியில் ஆர்வில்லின் முகமும் மார்வாவின் முகமும் பூட்டிய பெட்டியும் அவன் கண்முன் வந்து போயின. வாயை இறுக்கி மூடிக்கொள்ளத்தான் நினைத்தான்.

"நில்லு!" என்றது வாய். "செத்துடுச்சு. ஒண்ணுக்கு எறக்கு. ஒண்ணு!"

ரோவீனா தலையைத் தூக்கவில்லை. பார்வைத் தகட்டின் திருகை மூன்று கோடு திருப்பினாள், மூச்சு விட்டாள், சுட்டாள்.

புகை. ஒன்று, இரண்டு, மூன்று. டங்!

கிடா மல்லாந்தது. பின்னால் விசிலும் கூச்சலும் எழுந்தன. ரோவீனா திரும்பி லைலின் முதுகில் ஓங்கி ஒரு அறை அறைந்தாள். தன் வாய்மேல் அவனுக்கு அன்று வந்த கோபம் வேறு எதன்மேலும் வந்ததில்லை.

*

பரிசு மேஜையைச் சுற்றி முப்பது பேர் கூடியிருந்தார்கள். ஆர்வில் பெட்டியைத் தூக்கப் போனவர் நிறுத்தி, இரண்டாவது கையையும் கொடுத்தார்.

"என்னடா இது, கப்பு இந்தக் கனம் கனக்குது?"

"மெருகுங்க" என்றான் லைல். "ரெண்டு கோட்டு போட்டேன்."

சாவியை ரோவீனாவின் கையில் வைத்தவன் அதை உடனே விடவில்லை. அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். பஸ்ஸில் மிட்டாய்த் தாள் எறிந்தவனைப் பார்க்கிற பார்வை.

"திற! திற! தூக்கிக் காட்டு!" என்று கூட்டம் கத்தியது.

ரோவீனா பூட்டைத் திறந்தாள். மூடியை நாலு விரல் அகலம் தூக்கினாள். கோழிக்குஞ்சுப் படம் போட்ட சமையல் துண்டு. அதன் ஓரத்தில் எட்டிப் பார்க்கும் ஓர் ஈயக்கட்டி.

லைல் கண்ணை மூடிக்கொண்டான். எல்லாம் முடிந்தது. நாளைக்கு எந்த வீட்டு வாசலில் கேஸ் லாரியை நிறுத்துவது?

"அடேயப்பா!" என்றாள் ரோவீனா.

மூடி டப்பென்று மூடிக்கொண்டது. பூட்டு மாட்டிக்கொண்டது.

"என்ன பளபளப்பு! என்ன பளபளப்பு! கண்ணு கூசுது. யாரும் தொட வேணாம், கைரேகை விழுந்துடும். நேரா வீட்டுக்குக் கொண்டுபோறேன்." பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, முப்பது பேருக்கும் கையசைத்துவிட்டுத் தன் பிக்கப் வண்டியை நோக்கி நடந்தாள். போகிற வழியில் திரும்பாமலே சொன்னாள்: "லைல், வந்து கதவத் திற. கை நெறைய இருக்கு."

வண்டியின் மறுபக்கம் போனதும் பெட்டியைச் சீட்டில் வீசினாள்.

"சொல்லு."

லைல் சொன்னான். சர்ச் விற்பனை, சுத்தியல், கண்ணாடி, மிதந்து வந்த தகடு என்று எல்லாவற்றையும் சொன்னான். பாதி சொல்லும்போதே அவள் வண்டியின் பக்கவாட்டில் சாய்ந்தாள். முடிக்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். சிரிப்பில் சத்தமே வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

"அப்ப நான் ரெண்டு மாசமா மண்டைய ஒடச்சுக்கிட்டேனே, அந்த ரகசியக் கலவை..."

"கப்புதான்."

"நான் திருடின மூணு குண்டு?"

"கப்புதான்."

"இன்னிக்கு நீ சுட்டது?"

"அதுவும்தான். பாதிக்கு மேல கப்பு இப்போ அந்த மேட்டுலதான் பொதைஞ்சு கெடக்கு ரோவீனா. உனக்கு வேணும்னா ஒரு மண்வெட்டி தரேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சிரிப்பு நின்றது.

"கடைசிக் குண்டுக்கு 'நில்லு'ன்னியே. அப்பவே தெரியுமா உனக்கு, நான் தப்பவிட்டா நீ தப்பிச்சேன்னு?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு வாயத் தொறந்த, மடையா?"

"நானா தொறந்தேன்? அதுவா தொறந்துக்குச்சு."

ரோவீனா எழுந்து நின்றாள். சட்டைப்பையிலிருந்து சூயிங்கம் எடுத்து, பாதியைப் பிய்த்து அவனுக்குக் கொடுத்தாள்.

"சரி. ரெண்டு விஷயம். ஒண்ணு, மிச்சம் எத்தன குண்டு இருக்கு?"

"இருநூறு."

"பாதி எனக்கு. ஜெயிச்சவளுக்குக் கப்புல பங்கு இல்லையா? ரெண்டாவது, அக்டோபர்ல கிளப் சாப்பாட்டுல நீயே எந்திரிச்சு நின்னு சொல்லணும். அதுவரைக்கும் நான் காலிப் பெட்டிய வெச்சுக்கிட்டுப் பொய் சொல்றேன். அதுக்கு மேல என்னால முடியாது. ஆர்வில் மாசத்துக்கு ரெண்டு தரம் எங்க வீட்டுக்கு வர்றவரு."

*

அக்டோபரில் கிளப் கூடத்தில் பீன்ஸும் மாட்டுக்கறியும் போட்ட 'சில்லி' என்கிற காரக் குழம்பு, கூடவே பட்டை மணக்கும் இனிப்பு ரொட்டிச் சுருள். டிரை ஃபோர்க்கில் ஒன்றை விட்டு ஒன்றைச் சாப்பிடுகிறவர்கள் கிடையாது. எல்லாரும் இரண்டாவது கிண்ணம் வாங்கிய பிறகு லைல் எழுந்து நின்றான். மார்வா அவன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அடிதடி வந்தால் சாப்பாடாவது மிஞ்சட்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

பித்தளைத் தகட்டை மேஜையில் வைத்துவிட்டு, தரையைப் பார்த்தபடியே சொல்லி முடித்தான்.

ஆர்வில் மெதுவாக எழுந்தார். தகட்டை எடுத்துப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். கையைக் கோட்டின் உள்பக்கம் விட்டார். மார்வாவே ஒரு கணம் பயந்துவிட்டாள்.

வெளியே வந்தது ஒரு பென்சில். பிறகு ஒரு குட்டி நோட்டுப் புத்தகம். ஆர்வில் நாக்கில் பென்சிலை நனைத்தார்.

"ஒரு கப்புக்கு எத்தன பவுண்டு காரீயம் போட்டே?"

"நாப்பது" என்றான் லைல். தரையிலிருந்து தலையைத் தூக்கினான். "நாப்பதுங்க. ஆனா அதோட ஒரு மெழுகுவர்த்தித் தாங்கியும் தட்டும் போச்சு."

"தட்டு சின்னதா பெரிசா?" என்று பின் மேஜையிலிருந்து ஒரு குரல்.

"சட்டி எவ்வளவு சூட்டுல இருந்துச்சு?"

"எந்த சர்ச்சுய்யா அது?"

அதற்குப் பிறகு கூட்டத்தை அடக்க அரைமணி நேரம் ஆயிற்று. இதுவரை ரகசியக் கணக்கை மனைவியிடம்கூடச் சொல்லாத ஆட்கள், வெள்ளீயத்தில் கலந்திருந்த வேறு உலோகம்தான் அந்தக் கெட்டித்தனத்துக்குக் காரணமா இல்லையா என்று ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்காத குறையாக வாதாடினார்கள். ரோவீனா மட்டும் கால்மேல் கால் போட்டு ரொட்டிச் சுருளைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். அவளிடம் நூறு குண்டு இருக்கிறதென்று அங்கே லைலைத் தவிர யாருக்கும் தெரியாது.

கடைசியில் தண்டனைக்கு வந்தார்கள். அடுத்த பருவம் முழுக்க, ஒவ்வொரு ஞாயிறும் கோழி முதல் கிடா வரை எல்லா உருவங்களுக்கும் லைல் ஒருவனே வெள்ளை அடிக்க வேண்டும். புதுக் கோப்பையும் அவன் செலவுதான். என்ன உலோகத்தில் என்று பேச்சு வந்தபோது ரோவீனா கையைத் தூக்கினாள்.

"வார்ப்பிரும்பு. எவன் அடுப்புலயும் உருகக் கூடாது."

ஓட்டுக்கு விட்டார்கள். ஏறக்குறையக் கூடமே கை தூக்கியது. எதிர்ப்பு யாராவது உண்டா என்று கேட்டபோது ஒரே ஒரு கை எழுந்தது.

அது ஆர்வில்லுடையது. வெள்ளீயமே இருக்கட்டும் என்றார். காரணம் கேட்டார்கள். கலவைக் கணக்கு எழுதிய நோட்டுப் புத்தகத்தை மடித்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் சில்லி இருக்கிறதா என்று கேட்டார்.